கமிட்டி அறையில் ஒரு தத்துவவாதி

1999 அக்டோபர் 5ஆம் தேதி காலை, லண்டன் பேடிங்டன் நிலையத்துக்குக் கொஞ்சம் வெளியே, லாட்புரோக் குரோவ் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டன. 31 பேர் இறந்தார்கள். 400 பேருக்கு மேல் காயம். பேடிங்டனிலிருந்து கிளம்பிய வண்டி, எஸ்.என்.109 என்ற சிக்னலைச் சிவப்பில் தாண்டியிருந்தது. அதே சிக்னல் அதற்கு முந்தைய ஆறு வருடங்களில் எட்டு முறை இப்படித் தாண்டப்பட்டிருந்தது என்பது விசாரணையில் வெளிவந்தது.

சிவப்பைத் தாண்டப்போகும் வண்டியைத் தானாகவே நிறுத்தும் தொழில்நுட்பம் அப்போதே இருந்தது. 1988ல் கிளாபம் சந்திப்பில் 35 பேர் இறந்த விபத்துக்குப் பிறகு, ஆன்டனி ஹிடன் தலைமையிலான விசாரணை அதை நாடு முழுக்கப் பொருத்தச் சொன்னது. பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். காப்பாற்றப்படும் ஓர் உயிருக்கு ஆகும் செலவு கட்டுப்படியாகாது என்று வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நாடு தழுவிய திட்டத்தைக் கைவிட்டார்கள். லாட்புரோக் குரோவுக்குப் பிறகு அந்தக் கணக்கு மறுபடி மேசைக்கு வந்தது. பிரிட்டிஷ் ரயில் பாதுகாப்பு அமைப்பு ஒரு வித்தியாசமான காரியம் செய்தது. அபாயத்தை எந்த அளவுவரை சகித்துக்கொள்ளலாம் என்ற கேள்வியை ஒரு தத்துவப் பேராசிரியரிடம் கொடுத்தது. அவர் 2002ல் ரயில் பாதுகாப்பின் அறவியல் பற்றி அறிக்கை எழுதினார்.

அவர் பெயர் ஜொனதன் வுல்ஃப். தமிழில் ரால்ஸ் பற்றிப் பேசுகிறோம், அமர்த்தியா சென் பற்றி நிறையவே பேசுகிறோம், பீட்டர் சிங்கரைக்கூட அவ்வப்போது இழுக்கிறோம். வுல்ஃப் பற்றி நான் தமிழில் எதுவும் படித்ததில்லை. அவரிடம் மேற்கோள் காட்டத் தோதான பெரிய கோட்பாடு எதுவும் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அரசியல் தத்துவம் படித்த ஒருவர் அரசாங்கக் குழுவில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, அவருடைய நாற்பதாண்டுக் கல்விப்பணி ஒரு நல்ல சோதனைக்களம். அந்தச் சோதனை எங்கே வென்றது, எங்கே கோட்டைவிட்டது என்பதைப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆசிரியர் மேலே, மாணவர் கீழே

கொஞ்சம் பின்னணி வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கில உலகத்துத் தத்துவத்துறைகள் பெரும்பாலும் சொற்களின் பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தன. ‘நல்லது’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பார்கள், எது நல்லது என்று கேட்க மாட்டார்கள். 1971ல் ஜான் ரால்ஸின் நீதிக்கோட்பாடு வந்தது. அதே வருடம் தத்துவத்தையும் பொதுவாழ்வையும் இணைக்கும் நோக்கத்தோடு ‘ஃபிலாசஃபி அண்ட் பப்ளிக் அஃபேர்ஸ்’ என்ற இதழ் தொடங்கியது. கிழக்கு வங்க அகதிகளின் பட்டினியை முன்வைத்துப் பீட்டர் சிங்கர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1972ல் வந்தது அந்த இதழில்தான். 1974ல் ராபர்ட் நோஸிக், வரி வசூலிப்பதே கிட்டத்தட்ட கட்டாய உழைப்பு என்கிற அளவுக்குப் போய் ரால்ஸை எதிர்த்தார்.

1959ல் பிறந்த வுல்ஃப் இந்தச் சண்டை சூடாக நடந்துகொண்டிருந்தபோது படிக்க வந்தவர். யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஜி.ஏ. கோஹன். மான்ட்ரியலில் கம்யூனிஸ்ட் குடும்பத்தில் பிறந்து, மார்க்ஸைப் பகுப்பாய்வுத் தத்துவத்தின் கருவிகளால் அலசியவர். கோஹன் இறந்த பிறகு அவருடைய வகுப்புரைகளைத் தொகுத்து 2013ல் வெளியிட்டவர் வுல்ஃப்தான். அந்த அளவுக்கு நெருக்கம்.

ஆனால் இருவரும் போன திசைகள் வேறு. கோஹன் தன் கடைசிக் காலத்தில் மேலே மேலே ஏறிப்போனார். நீதியின் அடிப்படைக் கொள்கைகள் எந்த உலக நிலவரத்தையும் சார்ந்தவை அல்ல, மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைக்கூட அவை சார்ந்திருக்கத் தேவையில்லை என்பது அவர் வாதம். மாணவர் கீழே இறங்கினார். நோஸிக் பற்றி 1991ல் ஒரு விமர்சன நூல், 1996ல் அரசியல் தத்துவத்துக்கு ஓர் அறிமுக நூல், 2002ல் இன்று மார்க்ஸை ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு சிறு நூல். இதெல்லாம் வழக்கமான பேராசிரியர் வேலை. நடுவிலேயே குழுக்கள் வந்துவிட்டன. சூதாட்டச் சட்டத்தை மறுபரிசீலனை செய்யும் குழு, ரயில் பாதுகாப்பு, விலங்குகள் மீதான ஆய்வு குறித்து நஃபீல்ட் உயிரறவியல் மன்றம் அமைத்த குழு. இந்த அனுபவங்களிலிருந்து 2011ல் ‘எதிக்ஸ் அண்ட் பப்ளிக் பாலிசி’ என்ற புத்தகம் வந்தது. 2016ல் ஆக்ஸ்ஃபோர்டின் பிளவாட்னிக் அரசாளுகைப் பள்ளிக்குப் போனார். தத்துவத்துறையில் ஆரம்பித்து, அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் பள்ளியில் வந்து நிற்கிறது பாதை.

பிரிட்டனில் இதற்கு முன்னோடிகள் உண்டு. ஆபாசம், திரைப்படத் தணிக்கை பற்றிய குழுவுக்கு பெர்னார்ட் வில்லியம்ஸ் தலைமை தாங்கி 1979ல் அறிக்கை கொடுத்தார். சோதனைக்குழாய்க் கருவுறுதல் பற்றிய குழுவுக்குத் தலைவர் மேரி வார்னாக். கருமுளையை ஆய்வகத்தில் 14 நாட்களுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று அவர் 1984ல் போட்ட கோடு 1990ல் சட்டமாகி, பல நாடுகளுக்குப் பரவியது. ஏன் 13 இல்லை, ஏன் 15 இல்லை என்று கேட்டால், அந்தக் கட்டத்தை ஒட்டித்தான் கருமுளையில் முதுகுத்தண்டுக்கு முன்னோடியான கோடு தோன்றுகிறது என்று உயிரியல் காரணம் சொல்லலாம். ஆனால் உண்மையான காரணம், எங்காவது ஒரு கோடு போட்டாக வேண்டும் என்பது. கோட்பாட்டை மட்டும் வைத்து யோசிக்கிறவருக்கு இது எரிச்சலாக இருக்கும். குழுவில் உட்கார்ந்தவருக்கு இதுதான் வேலையே.

பழைய கோடு

2011 புத்தகத்தின் அடிப்படை வாதத்தை நான் என் தொழில் மொழியில் சொல்லிப்பார்க்கிறேன். மென்பொருள் துறைக்குப் புதிதாக வருகிற எந்தப் பையனும் முதல் வாரத்தில் சொல்வது ஒன்றுதான்: “இந்தக் கோடு குப்பை, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதிடலாம்.” அவன் சொல்வது பல நேரம் உண்மை. கோடு குப்பைதான். ஆனால் அந்தக் குப்பையின் மேல்தான் லட்சக்கணக்கான பேரின் சம்பளமோ டிக்கெட்டோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஒரு நாள் நிறுத்திவைத்துவிட்டு யோசிக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓர் இடத்தில் கைவைத்தால் வேறெங்கே உடையும் என்று பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும்.

தத்துவவாதிகளில் பெரும்பாலோர் இந்தப் புதுப்பையனைப் போல யோசிக்கிறார்கள் என்பதே வுல்ஃபின் குற்றச்சாட்டு. வெற்றுக் காகிதத்தில் நியாயமான சமூகத்தை வரைவார்கள். அல்லது ஒரு கோட்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அதை எதன் மேலாவது ‘பயன்படுத்த’ப் பார்ப்பார்கள். அப்ளைடு எதிக்ஸ் என்ற பெயரிலேயே இந்தக் கோளாறு இருக்கிறது: முதலில் கோட்பாடு, பிறகு பயன்பாடு. இன்னொரு விஷயமும் உண்டு. தத்துவத்துறையில் பேர் வாங்க வேண்டுமானால் யாரும் சொல்லாததைச் சொல்ல வேண்டும். குழுவில் அப்படிப்பட்ட கருத்து யாருக்கும் உதவாது. நாளைக் காலையில் ஓர் அமைச்சர் ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டும். முடிவெடுக்காமல் விட்டாலும் ஏற்கெனவே இருக்கும் சட்டம் தொடரும், அதுவும் ஒரு முடிவுதான்.

ஆகவே அவர் தலைகீழாகப் போகச் சொல்கிறார். முதலில் பிரச்சினை என்ன என்று பார். இப்போதைய சட்டம் ஏன் இப்படி இருக்கிறது, எப்போது இப்படி ஆனது என்று பார். யார் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று கேள். அதன்பிறகு, இந்தச் சண்டையில் எந்த விழுமியங்கள் மோதுகின்றன என்று பிரித்துக்காட்ட தத்துவத்தைக் கூப்பிடு. ஒரே முடிவுக்கு வர எல்லோரும் ஒரே காரணத்தை ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. விலங்காய்வு பற்றி மாறுபட்ட நிலைப்பாடு கொண்டவர்கள், அடிப்படையில் உடன்படாமலேயே, வலியைக் குறைக்கும் வழிகள் பற்றி ஒன்றாக ஒரு பக்கம் எழுத முடியும்.

அட, இது என்ன பெரிய கண்டுபிடிப்பா என்று தோன்றலாம். நல்ல தாசில்தார் யாரும் இதைத்தானே செய்கிறார்? ஆனால் இந்த முறை பலன் தருகிற இடத்தைப் பார்த்தால்தான் அருமை தெரியும். ரயில் விஷயம் அப்படிப்பட்ட ஓர் இடம்.

பத்து லட்சம் பவுண்டு

ஓர் உயிரின் விலை பத்து லட்சம் பவுண்டு என்று அரசாங்கம் சொன்னால் நமக்குக் கோபம் வரும். கணக்கின் உள்ளே போனால் விஷயம் வேறு. ஒரு லட்சம் பேர் பயணம் செய்கிறார்கள். ஒரு பாதுகாப்புக் கருவி ஒவ்வொருவரும் சாகும் வாய்ப்பை லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறைக்கிறது. அதற்கு எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்டால் ஒவ்வொருவரும் பத்து பவுண்டு என்கிறார்கள். மொத்தம் பத்து லட்சம். எதிர்பார்ப்புக் கணக்கில் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது. எனவே ஒரு மரணத்தைத் தவிர்ப்பதன் மதிப்பு பத்து லட்சம். யாருடைய உயிருக்கும் இங்கே விலை போடவில்லை. சின்னச் சின்ன அபாயங்களைக் குறைக்க ஆகும் பணத்தைக் கூட்டிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 2000களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பயன்படுத்திய எண் ஏறத்தாழ இந்த அளவில்தான் இருந்தது.

பொருளாதார நிபுணர் இங்கே நிறுத்திவிட்டு, ஜனங்களுக்குக் கணக்குத் தெரியவில்லை என்று நொந்துகொள்வார். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் சாலைகளில் வருடத்துக்கு 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதைப் பற்றி முதல் பக்கச் செய்தி இல்லை. ரயிலில் 31 பேர் செத்தால் நாடே கொதிக்கிறது. அதே பணத்தைச் சாலையில் போட்டால் பல மடங்கு உயிர்களைக் காப்பாற்றலாமே?

வுல்ஃப் அந்தக் கொதிப்பை அறியாமை என்று ஒதுக்காமல், அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். 2006ல் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே அச்சம், பழி, வெட்கம் என்ற மூன்று சொற்கள் உண்டு. மக்கள் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. எப்படிச் செத்தார்கள், யாருடைய பொறுப்பில் செத்தார்கள் என்று பார்க்கிறார்கள். எட்டு முறை தாண்டப்பட்ட சிக்னலை ஒன்பதாவது முறை தாண்டும்வரை விட்டுவைத்திருந்தது ஒரு நிறுவனம். அதன் மேல் வருகிற கோபமும், ‘நம் நாட்டில் இப்படியா’ என்ற வெட்கமும் நியாயமான அற உணர்வுகள். அதற்காக எவ்வளவு பணத்தையும் கொட்டு என்பதில்லை. அந்த உணர்வுக்குப் பதில் சொல்ல கருவி மட்டும்தான் வழி என்பதும் இல்லை. பொறுப்பை ஒப்புக்கொள்வது, விசாரணையை வெளிப்படையாக நடத்துவது என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் அந்த உணர்வைக் கணக்குப் பிழை என்று சொல்லாதே. கோட்பாட்டோடு உள்ளே போயிருந்தால் இது கிடைத்திருக்காது. பயன்வாதி எண்ணிக்கையைப் பார்த்திருப்பார். உரிமைவாதி எண்ணிக்கையே கூடாது என்றிருப்பார். பிரச்சினையிலிருந்து ஆரம்பித்ததால்தான் இரண்டுக்கும் நடுவில் கிடந்தது கண்ணில் பட்டது.

வெட்கப்பட வைக்கும் நியாயம்

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் பார்வையில் வுல்ஃபின் ஆகச்சிறந்த சிந்தனை அவருடைய குழு வேலையிலிருந்து வந்ததல்ல. 1998ல் எழுதிய ஒரு கட்டுரையிலும், 2007ல் ஆவ்னர் டி-ஷலித் என்ற இஸ்ரேலிய அரசியல் அறிஞரோடு சேர்ந்து எழுதிய ‘டிஸ்அட்வான்டேஜ்’ நூலிலும் இருக்கிறது.

தொண்ணூறுகளில் சமத்துவவாதிகளிடையே செல்வாக்குப் பெற்றிருந்த ஒரு கொள்கை: ஒருவரின் கஷ்டம் அவரது சொந்தத் தேர்வினால் வந்திருந்தால் அவர் பொறுப்பு, துரதிர்ஷ்டத்தினால் வந்திருந்தால் சமூகம் ஈடுசெய்ய வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதை அமல்படுத்தினால் என்ன ஆகும் என்று வுல்ஃப் 1998ல் கேட்டார். ஊரில் வேலைகள் கிடைக்கும்போதும் ஒருவருக்கு வேலை கிடைக்கவில்லை. உதவித்தொகை வேண்டுமென்றால் அவர் சோம்பேறி இல்லை என்று நிரூபிக்க வேண்டும். எப்படி நிரூபிப்பது? “நானும் எல்லா இடத்திலும் கேட்டுப் பார்த்தேன், என்னிடம் எந்தத் திறமையும் இல்லை என்பதால் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை” என்று கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். தனக்கே ஒப்புக்கொள்ள விருப்பமில்லாததை அதிகாரியிடம் நிரூபித்துக் காட்ட வேண்டும். நியாயமான பங்கீட்டைத் துல்லியமாகச் செய்யப் போய், சமத்துவத்தின் இன்னொரு பாதியான மரியாதையை அது கொன்றுவிடுகிறது. அடுத்த வருடமே எலிசபெத் ஆண்டர்சன் இதே போக்கை வேறு கோணத்தில், இன்னும் காட்டமாகத் தாக்கினார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நம் ஊரில் ஏதாவது ஒரு சான்றிதழுக்காக அலுவலக வாசலில் நின்ற எவருக்கும் இந்த வாதத்தை விளக்க வேண்டியதில்லை. தன் இல்லாமையைத் தானே நிரூபிக்கும் வேலை எவ்வளவு கூசவைப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

2007 நூல் இதை விரிக்கிறது. சென்னும் மார்த்தா நுஸ்பாமும் சொன்னதுதான் அடித்தளம்: ஒருவரிடம் என்ன இருக்கிறது என்பதைவிட, அவரால் என்ன செய்ய முடிகிறது, என்னவாக இருக்க முடிகிறது என்பதைப் பார். அதோடு ஆசிரியர்கள் ஒன்றைச் சேர்க்கிறார்கள். இன்று முடிகிறதா என்பது போதாது, நாளையும் முடியும் என்ற நிச்சயம் இருக்கிறதா? ஒப்பந்தத் தொழிலாளியும் நிரந்தர ஊழியரும் இந்த மாதம் ஒரே சம்பளம் வாங்கலாம். ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார், மற்றவர் தூங்குவதில்லை. நலிவு என்பதன் முக்கிய வடிவமே இந்த நிச்சயமின்மை. வறியவர்கள் பிறரைவிட அதிக அபாயங்களைச் சுமக்கிறார்கள், அதுவும் விரும்பி அல்ல.

இன்னொன்று, நலிவுகள் ஒரே இடத்தில் குவியும். சில நலிவுகள் துருப்போல மற்றவற்றையும் அரிக்கும். சில பலங்கள் விதைநெல்போல மற்றவற்றையும் விளையவைக்கும். அரசு செய்ய வேண்டியது இந்தக் குவியலைக் கலைப்பது. இதை இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து மட்டும் எழுதவில்லை. பிரிட்டனிலும் இஸ்ரேலிலும் உதவி பெறுகிறவர்களிடமும் உதவி வழங்குகிறவர்களிடமும் போய், நுஸ்பாமின் பட்டியலைக் காட்டி, இதில் எது முக்கியம், என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டார்கள். தத்துவ நூலுக்கு இது அபூர்வம்.

இந்தக் குவியலை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு எண்கள் போடுவோம்: எத்தனை பேரைப் பாதிக்கும், எவ்வளவு பாதிக்கும். பெருக்கி வரிசைப்படுத்தி மேலிருந்து சரிசெய்வோம். பார்வையற்றவர்கள் திரையைப் படித்துக்காட்டும் செயலி மூலம் எங்கள் பக்கத்துக்கு வந்தால், ஒரு பொத்தானைத் தாண்டிப் போக முடியாது. எண்ணிக்கை குறைவு. பட்டியலில் அடியில் இருந்தது. மூன்று ரிலீஸ் போயும் அடியிலேயே இருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கு சரியாகவே இருந்தது. ஒவ்வொரு முறையும் அடியில் கிடப்பது அதே ஆட்கள்தான் என்பதைக் கணக்கில் காட்ட அந்த அட்டவணையில் ஒரு கட்டம் இல்லை. ‘டிஸ்அட்வான்டேஜ்’ அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொல்லும் நூல்.

சூதாட்டத்தில் என்ன நடந்தது

என் விமர்சனம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

2000ல் பிரிட்டிஷ் அரசு பொருளாதார அறிஞர் சர் ஆலன் பட் தலைமையில் சூதாட்ட மறுபரிசீலனைக் குழுவை அமைத்தது. வுல்ஃப் அதில் ஓர் உறுப்பினர். அதுவரை இருந்த சட்டத்தின் பின்னால் விசித்திரமான ஒரு கொள்கை இருந்தது: ஏற்கெனவே சூதாட விரும்புகிறவருக்கு வசதி செய்து கொடுக்கலாம், ஆனால் புதிதாக ஆசையைத் தூண்டக் கூடாது. விளம்பரக் கட்டுப்பாடுகள், உறுப்பினராகிக் காத்திருக்கும் விதிகள் எல்லாம் இதிலிருந்து வந்தவை. 2001ல் குழுவின் அறிக்கை பெருமளவு தளர்வைப் பரிந்துரைத்தது. வயதுவந்தவர்கள் தம் பணத்தைத் தம் விருப்பப்படி செலவிடட்டும், குழந்தைகளையும் பலவீனமானவர்களையும் பாதுகாப்போம் என்பது சாரம். அதையொட்டி 2005ல் சட்டம் வந்தது, 2007 செப்டம்பரில் முழுமையாக அமலானது.

பிறகு நடந்தது ஊரறிந்தது. பந்தயக் கடைகளில் ஒரு வகை மின்னணு இயந்திரம் பரவியது. இருபது வினாடிக்கு ஒருமுறை நூறு பவுண்டுவரை கட்டலாம். ஒரு கடைக்கு நான்கு இயந்திரம்தான் வைக்கலாம் என்று விதி. அதனால் ஒரே தெருவில் பல கடைகள் முளைத்தன, அதுவும் வறிய பகுதிகளில். நூறு பவுண்டை இரண்டு பவுண்டாகக் குறைக்க 2019 ஏப்ரல்வரை ஆனது. முதல் ஐஃபோன் வந்ததும் 2007லேயே. 2001 அறிக்கை இணையச் சூதாட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டதுதான். ஆனால் சூதாட்ட விடுதி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் போய் உட்காரும் என்ற உலகம் அப்போது இல்லை.

இதற்கெல்லாம் குழுவைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. அறிக்கை வேறு, சட்டம் வேறு. சூதாட்டத் தொழில் தானாக முன்வந்து சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் நிதி தராவிட்டால் சட்டப்படி வசூலிக்க வேண்டும் என்று குழு சொன்னது. 2005 சட்டத்தில் அந்த அதிகாரம் இருந்தும், உண்மையில் வசூலிக்க ஆரம்பித்தது 2025ல்தான். பரிந்துரைகளில் தொழிலுக்குப் பிடித்தது உடனே வரும், பிடிக்காதது இருபது வருடம் கழித்து வரும். எந்த ஊர்க் குழுவுக்கும் இதுதான் கதி.

என் குறை அறிக்கையின் விளைவு பற்றியது அல்ல, யோசித்த விதம் பற்றியது. 2011 புத்தகத்தின் சூதாட்ட அத்தியாயத்தில் வுல்ஃப் நேர்மையாகத் தன் திகைப்பைப் பகிர்கிறார். ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுதந்திரக் கொள்கையை வைத்துப் பார்த்தால் பழைய கட்டுப்பாடுகளை நியாயப்படுத்துவது கடினம், ஆனால் பொதுமக்கள் மில் போல யோசிப்பதில்லை என்கிறார். நல்ல அத்தியாயம். ஆனால் அதன் எடை முழுக்க சுதந்திரம் என்ற தட்டில் விழுகிறது. நான்கு வருடம் முன்பு அவரே எழுதிய கேள்விகள் இன்னொரு தட்டில் ஏறவில்லை. அபாயம் யார் மேல் குவிகிறது? இந்த நலிவு எதையெல்லாம் அரிக்கும்? சூதாட்டக் கடன் சம்பளத்தை அரிக்கும், அது வீட்டை அரிக்கும், அது மணவாழ்வை அரிக்கும். துருவுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் அவர் நூலிலேயே கிடையாது.

பழைய சட்டத்தின் ‘தூண்டாதே’ என்ற கொள்கை தத்துவப்படி சொத்தையாகத் தெரிந்தது. ஆனால் பழைய கோட்டில் யாருக்கும் புரியாத ஒரு வரி இருந்தால், அதை எழுதியவன் எந்த விபத்துக்குப் பிறகு எழுதினான் என்று கேட்டுவிட்டுத்தான் அழிக்க வேண்டும். ஒரு செயலியில் பொத்தானின் நிறத்தை மாற்றி, ஆயிரம் பேரிடம் சோதித்து, எது அதிகம் அழுத்தவைக்கிறது என்று பார்க்கிற தொழிலில் இருக்கிறேன். ஆசை என்பது முன்பே மனத்தில் இருந்து கடைக்கு வருவது, தூண்டப்படுவது என்று இரண்டு உண்டு என்பதை என் துறை தினமும் நிரூபிக்கிறது. அந்தப் பழைய வரிக்குள் ஒரு அறிவு இருந்தது.

ஏன் இது நடந்தது? ‘பிரச்சினையிலிருந்து தொடங்கு’ என்ற முறைக்குள்ளேயே ஒரு ஓட்டை இருக்கிறது என்பது என் எண்ணம். பிரச்சினையை எழுதிக் கொடுப்பவர் யார்? சூதாட்டச் சட்டம் காலத்துக்கு ஒவ்வாததாகிவிட்டது, நவீனப்படுத்து என்று அரசு எழுதிக் கொடுத்தது. அந்த வாக்கியத்தை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்த கணத்திலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. ரயில் விஷயத்தில் இந்த ஓட்டை தெரியவில்லை. 31 பேரின் சாவு எல்லோர் கண்முன்னும் நடந்தது, இறந்தவர்களின் குடும்பங்கள் விசாரணையில் உரக்கப் பேசின. சூதாட்டத்தில் கெட்டுப்போகிறவர்கள் ஒவ்வொருவராக, தனித்தனியாக, வெட்கப்பட்டு மறைவாகக் கெட்டுப்போகிறார்கள். அவர்களுக்குச் சங்கம் இல்லை. தன் இல்லாமையை வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு கடினம் என்று 1998ல் எழுதியவருக்கு இது தெரியாததல்ல.

தமிழ்நாட்டில் இது எதிர்த்திசையில் நடந்தது. இணைய ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்து செய்தியான பிறகு, 2022ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் மனநல மருத்துவர், தொழில்நுட்ப அறிஞர், காவல்துறை அதிகாரி கொண்ட குழு அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தடைச்சட்டம் வந்தது. அதே நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று சொல்லி, அவற்றைத் தடைசெய்த பகுதியை மட்டும் நீக்கியது. இங்கே பிரச்சினையை எழுதியவை இறந்தவர்களின் வீடுகள். அதனால் கேள்வி சுதந்திரத்தில் ஆரம்பிக்காமல் சேதத்தில் ஆரம்பித்தது. ஆனால் விவாதம் கடைசியில் திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய சட்டப் பிரிவுக்குள் போய் மாட்டிக்கொண்டது. அரிக்கிறதா, யாரை அரிக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பிரிவு பதில் சொல்லாது. திறமையான ஆட்டத்திலும் வீடு போகும். வுல்ஃபின் 2007 நூல் உதவக்கூடிய இடம் துல்லியமாக இதுதான்.

யாரை எப்படிப் படிக்கலாம்

பாதிக்கப்பட்டவர்களையும் குழுவில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கருத்துக்கேட்புக் கூட்டம் என்ற பெயரில் நம் மாவட்டங்களில் நடக்கும் சடங்கைப் பார்த்தவன்தான் நானும். ஷாமியானா போடுவார்கள், மைக் கொடுப்பார்கள், பேசியதைப் பதிவும் செய்வார்கள். திட்டம் முன்பு எழுதியபடியே வரும். ஆனால் தத்துவவாதிக்குக் குழுவில் வேறெவருக்கும் இல்லாத ஒரு வேலை இருக்கிறது. பொருளாதாரம் படித்தவர் எண்களைக் கொண்டுவருவார், வழக்கறிஞர் சட்டத்தைக் கொண்டுவருவார். எடுத்துக்கொண்ட பிரச்சினையே சரியாக எழுதப்பட்டிருக்கிறதா, அதை இன்னொருவர் எழுதினால் எப்படி இருக்கும் என்று கேட்க ஆள் வேண்டும். இதற்குக் கோட்பாடு தேவைப்படுகிறது. இருப்பதிலிருந்து தொடங்கு என்பதில் வுல்ஃபோடு எனக்கு உடன்பாடு. ஆனால் இருப்பது என்ன என்பதைப் பார்க்க, அவருடைய ஆசிரியர் கோஹன் ஏறிய உயரமும் சில நேரம் வேண்டியிருக்கிறது.

இவரைப் படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் 2011 புத்தகத்தில் தொடங்குவார்கள். போதைப்பொருள், தண்டனை, உடல்நலம், மாற்றுத்திறன் என்று அத்தியாயத்துக்கு ஒரு பிரச்சினை, எளிய நடை, சிவில் சர்வீஸ் தேர்வின் அறவியல் தாளுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக்கூட உதவும். நான் சொல்வது: முதலில் 1998 கட்டுரை, அடுத்து ‘டிஸ்அட்வான்டேஜ்’, கடைசியில் இது. அப்படிப் படித்தால் சூதாட்ட அத்தியாயத்துக்கு வரும்போது, ஆசிரியர் கேட்க மறந்த கேள்விகளை அவருடைய குரலிலேயே நீங்கள் கேட்பீர்கள். ஒரு சிந்தனையாளரைக் குறைசொல்லத் தேவையான கருவிகள் அவருடைய புத்தகங்களிலேயே கிடைப்பது சாதாரண விஷயமில்லை. வுல்ஃபிடம் கிடைக்கிறது. அதற்காகவே அவரைத் தமிழில் யாராவது கொண்டுவர வேண்டும்.